கொழும்புக் குசினிக்கு எண்ணெய் வாங்கப் போகிறீர்களா? இதை வாசித்துவிட்டுப் போங்கள்

ஊரில் இருக்கும்வரை எண்ணெய் வாங்குவது ஒரு வேலையே இல்லை. தேங்காய் எண்ணெய் தெரிந்த செக்கில் இருந்து வரும், நல்லெண்ணெய் தெரிந்த கடையில் இருந்து வரும். படிக்கவோ வேலைக்கோ கொழும்புக்கு வந்து, வாடகை வீட்டில் குசினி வைத்த பிறகுதான் தலையிடி தொடங்குகிறது. சுப்பர்மார்க்கெற்றில் எண்ணெய்க்கென்று ஒரு முழு வரிசை. ஒவ்வொரு போத்தலிலும் ஒரு இதயப் படம். வீட்டில் ஒருவருக்குக் கொலஸ்ரோல் கூட என்று டொக்டர் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். ஒருவர் தேங்காய் எண்ணெயைத் தொடவே கூடாது என்பார், இன்னொருவர் அதுதான் மருந்து என்பார், மூன்றாமவர் ஒலிவ் எண்ணெய்ப் போத்தலோடு வீட்டுக்கே வந்துவிடுவார். எங்கள் வீட்டில் இந்த மூவரும் வந்து போனார்கள். அந்தக் குழப்பத்தில் இருந்து வெளியே வரப் பிடித்த வழியை ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

கடைக்குப் போவதற்கு முன் மூன்று பொருள்கள் தேவை: ஒரு தேக்கரண்டி, ஒரு பேனை, வீட்டில் இருப்பவர்களின் கடைசி இரத்தப் பரிசோதனை அறிக்கை. காசு பிறகுதான்.

1. வீட்டில் எவ்வளவு எண்ணெய் போகிறது என்று அளந்து பாருங்கள்

எந்த எண்ணெய் நல்லது என்ற கேள்வியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள். இப்போது பாவிக்கிற எண்ணெயையே வாங்குங்கள். போத்தலைத் திறக்கும் திகதியைப் பேனையால் அதிலேயே எழுதுங்கள். முடிகிற திகதியையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் மொத்த மில்லிலீற்றரை வீட்டில் சாப்பிடுகிறவர்களின் எண்ணிக்கையால் பிரித்து, அதை 30 ஆல் பிரியுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு என்று வந்துவிடும்.

ஒரு தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். நாளொன்றுக்கு ஒருவருக்கு நான்கு, ஐந்து தேக்கரண்டிக்குள் நின்றால் பரவாயில்லை என்பது நான் வைத்திருக்கும் அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு அது மாதம் 2400 முதல் 3000 மில்லிலீற்றர். உங்கள் கணக்கு 5 லீற்றருக்கு வந்தால் எண்ணெயின் இனத்தை மாற்றுவதால் பெரிய பயன் வராது, முதலில் அளவைக் குறைக்க வேண்டும். எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். ஒலிவ் எண்ணெய் என்பதற்காக அது 8 ஆகாது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய், எதுவானாலும், ஏறக்குறைய 120 கலோரி.

இந்தக் கணக்கில் பலர் விட்டுவிடுகிற ஒன்று, கடையில் சாப்பிடும் எண்ணெய். பின்னேரத் தேநீரோடு ரோல்ஸ், வடை, கட்லெட், இரவில் கொத்து என்று போகிறவர்களுக்கு வீட்டுப் போத்தல் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

குறைப்பதற்கு எங்களுக்குக் கைகொடுத்தது ஒரே மாற்றம்: போத்தலில் இருந்து நேராகத் தாச்சிக்குள் ஊற்றுவதை நிறுத்தி, கரண்டியால் அளந்து ஊற்றுவது. கத்தரிக்காயைப் பொரித்துக் கறி வைக்காமல், கொஞ்சம் எண்ணெய் பூசி வாட்டி எடுத்தாலும் கறி சுவையாகத்தான் வருகிறது. அம்மாமார் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அது வேறு கதை.

2. இரத்த அறிக்கையைக் கையில் எடுங்கள்

எண்ணெய் மாற்றம் வேலை செய்கிறதா என்று அறிய இது ஒன்றே ஆதாரம். லிப்பிட் புறோபைல், அதாவது இரத்தத்தில் உள்ள கொழுப்பு வகைகளின் பரிசோதனை என்று கேட்டுச் செய்யுங்கள். வழக்கமாக 10 முதல் 12 மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள், தண்ணீர் குடிக்கலாம். இரவு 8 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுக் காலை 7 மணிக்கு ஆய்வுகூடத்துக்குப் போனால் சரியாக இருக்கும். பெரும்பாலான தனியார் ஆய்வுகூடங்களில் அன்றைக்கோ மறுநாளோ அறிக்கை கிடைத்துவிடும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேளுங்கள். காசு கொடுக்க விருப்பம் இல்லையென்றால், அரச மருத்துவமனைகளோடு சேர்ந்து இயங்கும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பரிசோதிப்பார்கள். முழு லிப்பிட் புறோபைலும் செய்வார்களா என்று முதலில் கேளுங்கள். அடையாள அட்டையைக் கொண்டு போங்கள். காலையில் நேரத்தோடு போய் வரிசையில் நின்றால் நல்லது.

அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது கெட்ட கொலஸ்ரோல் எனப்படும் எல்.டி.எல். என்ற வரியை. மொத்தக் கொலஸ்ரோலை மட்டும் பார்த்துவிட்டுப் பயப்படுவதும் நிம்மதி அடைவதும் அரைகுறை வேலை. எண்ணெயை மாற்றிய பிறகு மூன்று மாதம் கழித்து அதே பரிசோதனையை, முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில், திரும்பச் செய்யுங்கள். இரண்டு கிழமையில் செய்து பார்த்துவிட்டு "ஒன்றும் மாறவில்லை" என்று சொல்லாதீர்கள். இரண்டு அறிக்கையையும் கிளினிக் கொப்பிக்குள் ஒட்டி வையுங்கள், டொக்டர் மாறினாலும் கணக்கு மாறாது.

ஒரு எச்சரிக்கை. கொலஸ்ரோல் குளிசை போடுகிறவர் எண்ணெயை மாற்றிவிட்டேன் என்று குளிசையைத் தானாக நிறுத்தக்கூடாது. இப்படி நிறுத்தியவர்களை நான் நேரில் அறிவேன்.

3. எந்த வேலைக்கு எந்த எண்ணெய்

இங்கேதான் சண்டை. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எல்லா எண்ணெயிலும் மூன்று வகைக் கொழுப்பு கலந்துதான் இருக்கிறது: நிறைவுற்றது, ஒற்றை நிறைவுறாதது, பல நிறைவுறாதது. எது எவ்வளவு என்பதில்தான் வித்தியாசம். எல்.டி.எல். அளவை ஏற்றுவது முதல் வகை. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாகவே நிறைவுற்ற கொழுப்பு இருக்க வேண்டும் என்கிறது. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு அது ஏறக்குறைய 22 கிராம்.

இப்போது தேங்காய் எண்ணெயைப் பாருங்கள். 100 கிராமில் 80 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ஒரு மேசைக்கரண்டியில் ஏறக்குறைய 12 கிராம். இரண்டு மேசைக்கரண்டி போனால் அன்றைய கணக்கு முடிந்தது, பால், இறைச்சி, தேங்காய்ப்பால் எதையும் தொடாமலேயே. தேங்காய் எண்ணெய் நல்ல கொலஸ்ரோல் எனப்படும் எச்.டி.எல். அளவையும் கூட்டும் என்பது உண்மை. ஆனால் கூடவே எல்.டி.எல். அளவையும் கூட்டுகிறது. அமெரிக்க இதயச் சங்கம் 2017 இல் வெளியிட்ட அறிவுரையில் இந்தக் காரணத்தால்தான் அதைப் பரிந்துரைக்கவில்லை. எங்கள் பாட்டன்மார் இதைத்தானே சாப்பிட்டார்கள் என்று கேட்பீர்கள். அவர்கள் நடந்த தூரத்தையும் கணக்கில் எடுங்கள். வெள்ளவத்தையில் இருந்து பம்பலப்பிட்டிக்கு முச்சக்கர வண்டி பிடிக்கிற எங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்துவராது.

அதற்காகத் தேங்காய் எண்ணெயை வீட்டை விட்டுத் துரத்தச் சொல்லவில்லை. வீட்டில் யாருக்கும் கொலஸ்ரோல் பிரச்சினை இல்லையென்றால், ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துப் பருப்பில் ஊற்றுவதால் ஒன்றும் குடி மூழ்காது. அதை ஆழமாக ஊற்றி நாள்தோறும் பொரிப்பதுதான் வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் நிறைவுற்ற கொழுப்பின் பெரிய பங்கு எண்ணெய்ப் போத்தலில் இருந்து வருவதே இல்லை, தேங்காய்ப் பூவில் இருந்து வருகிறது. 100 கிராம் பச்சைத் தேங்காயில் ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு, அதில் 30 கிராம் அளவு நிறைவுற்றது. காலையில் சம்பல், மத்தியானம் இரண்டு கறிக்குப் பால், இரவில் இடியப்பத்தோடு சொதி என்று போகிற வீட்டில் சூரியகாந்தி எண்ணெய் வாங்கி வைத்துவிட்டு, "எண்ணெயை மாற்றியும் கொலஸ்ரோல் இறங்கவில்லையே" என்றால் எப்படி இறங்கும்? முதல் பாலை ஒரு கறிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். 2025 தொடக்கத்தில் தேங்காய் ஒன்று 200 ரூபாயைத் தாண்டியபோது பல வீடுகளில் இந்த மாற்றம் தானாகவே நடந்தது.

நல்லெண்ணெய் என் தெரிவில் முன்னுக்கு நிற்கிறது. நிறைவுற்றது 14 சதவீதம் அளவுதான். மற்ற இரண்டு வகையும் ஏறக்குறைய சமமாக இருக்கும். எள்ளில் இயல்பாகவே உள்ள எதிர் ஒக்சியேற்றப் பொருள்களால் எளிதில் சிக்குப் பிடிக்காது. தோசை, முட்டைப் பொரியல், கீரை, தாளிதம், இட்லிப் பொடி எல்லாவற்றுக்கும் சரி. குறை என்னவென்றால் விலையும் மணமும். மீன் பொரிக்க ஒத்துவராது என்று எங்கள் வீட்டில் தீர்ப்பு. செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய் 175 பாகை செல்சியஸ் அளவிலேயே புகையத் தொடங்கும் என்பதால் பெரிய நெருப்பில் நீண்ட நேரம் பொரிப்பதற்கு அது ஏற்றதும் அல்ல.

சூரியகாந்தி, சோயா எண்ணெய்களில் நிறைவுற்றது குறைவு, முறையே 11, 15 சதவீதம் அளவு. பல நிறைவுறாத கொழுப்பு கூட. சோயாவில் ஒமேகா 3 கொஞ்சம் இருக்கிறது. இரண்டும் சுத்திகரித்து வருவதால் புகையும் வெப்பநிலை 220 பாகைக்கு மேல் நிற்கும். வதக்கவும் ஒரு தடவை பொரிக்கவும் நல்லவை. ஆனால் பல நிறைவுறாத கொழுப்பு வெப்பத்தில் விரைவாகக் கெடும். எனவே இவற்றில் ஒரு தடவை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்குவது மிக மோசமான பழக்கம்.

தவிட்டு எண்ணெய் கிடைத்தால் வாங்கிப் பாருங்கள். நிறைவுற்றது 20 சதவீதம் அளவு. சூடு தாங்கும், மணம் இல்லை. கச்சான் எண்ணெயும் அதே வரிசைதான். கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். கனோலாவில் நிறைவுற்றது எல்லாவற்றையும் விடக் குறைவு, 7 சதவீதம் அளவு. அதுவும் நல்லதே, விலை உங்கள் பாடு.

ஒலிவ் எண்ணெய் நல்ல எண்ணெய்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் எக்ஸ்ரா வேர்ஜின் எனப்படும் விலை கூடிய முதல் தரப் போத்தலை வாங்கி அதில் அப்பளம் பொரிப்பவர்களைக் கண்டால் எனக்குக் காசு எரிவது போல இருக்கும். சலாட்டுக்கு ஊற்றுங்கள், மெல்லிய சூட்டில் வதக்குங்கள். சம்பளம் அதற்கு இடம் கொடுக்காவிட்டால் கவலைப்படாதீர்கள், அளந்து ஊற்றிய சோயா எண்ணெயோடும் நன்றாக வாழலாம்.

பாம் எண்ணெய் பாதிக்குப் பாதி நிறைவுற்றது. மலிவு, சூடு தாங்கும், அதனால்தான் கடைகளில் பொரிப்பதற்குப் பிரபலம். வீட்டுக்குத் தேடி வாங்க ஒரு காரணமும் இல்லை.

இதையெல்லாம் வைத்து எங்கள் வீட்டு ஏற்பாடு இப்படி: அன்றாடச் சமையலுக்கும் எப்போதாவது பொரிப்பதற்கும் ஒரு லீற்றர் சுத்திகரித்த சோயா அல்லது சூரியகாந்தி எண்ணெய், தாளிதத்துக்கும் தோசைக்கும் சிறிய போத்தல் நல்லெண்ணெய். தேங்காய் எண்ணெய் ஒரு கால் போத்தல், சில கறிகளுக்கு மட்டும். மூன்றுக்கு மேல் வைத்தால் ஒன்று கட்டாயம் மூலையில் கிடந்து சிக்கடிக்கும்.

4. லேபலில் எதை வாசிப்பது, எதை விடுவது

முன்பக்கத்தை விடுங்கள். போத்தலைத் திருப்புங்கள்.

"கொலஸ்ரோல் அற்றது" என்பது முன்பக்கத்தில் பெரிதாக இருக்கும். மரக்கறி எண்ணெய் எதிலும் கொலஸ்ரோல் கிடையாது, மலிவான பாம் எண்ணெயிலும் கிடையாது. எனவே அந்த வரிக்காக ஒரு ரூபாய்கூடக் கூடக் கொடுக்க வேண்டாம்.

பின்பக்கத்தில் உள்ளடக்கம் என்ற வரியைத் தேடுங்கள். "மரக்கறி எண்ணெய்" என்று மட்டும் இருந்தால், எந்த எண்ணெய் என்று சொல்லாவிட்டால், அது பாம் ஒலியினாக, அதாவது பாம் எண்ணெயின் திரவப் பகுதியாக, இருக்க வாய்ப்பு அதிகம். முன்னால் சூரியகாந்திப் பூப் படம் போட்டு, பின்னால் கலவை எண்ணெய் என்று சிறிய எழுத்தில் இருப்பதும் உண்டு. ஒலிவ் எண்ணெய் வாங்குகிறவர்கள் "பொமஸ்" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அது பிழிந்து முடிந்த சக்கையில் இருந்து எடுத்துச் சுத்திகரித்தது. சாப்பிடக் கூடாதது என்றில்லை, ஆனால் எக்ஸ்ரா வேர்ஜின் விலைக்கு அதை வாங்கக்கூடாது.

ஊட்டச்சத்து அட்டவணையில் 100 கிராமுக்கு அல்லது 100 மில்லிலீற்றருக்கு நிறைவுற்ற கொழுப்பு எத்தனை கிராம் என்ற வரியைப் பாருங்கள். 20 க்குக் கீழே இருந்தால் அன்றாடப் பாவனைக்கு எடுக்கலாம். "சூரியகாந்தி" என்று சொல்லிவிட்டு அந்த வரியில் 40 என்று இருந்தால் போத்தலை அப்படியே தட்டில் திருப்பி வையுங்கள்.

அதன் பிறகு உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், அதிகபட்ச சில்லறை விலை. தேங்காய் எண்ணெயில் இலங்கைத் தர நிர்ணயத்துக்கான எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். இறக்குமதிப் போத்தலில் மேலே ஒட்டிய ஸ்ரிக்கரில் திகதி ஒன்றும் போத்தலில் அச்சடித்த திகதி இன்னொன்றுமாக இருந்தால் வாங்காதீர்கள்.

மாஜரின், பேக்கரிக் கொழுப்பு வகைகளில் "பகுதி ஹைட்ரஜனேற்றப்பட்ட" என்ற சொல் கண்ணில் பட்டால், எல்.டி.எல். அளவை ஏற்றும் டிரான்ஸ் கொழுப்பு அதில் இருக்கும். இதில் அளவு பார்க்க வேண்டியதில்லை, அப்படியே விடுங்கள்.

5. எங்கே வாங்குவது

சுப்பர்மார்க்கெற்றில் விலை கொஞ்சம் கூட இருக்கலாம். ஆனால் லேபல் இருக்கும், பற்றுச்சீட்டு தானாக வரும், போத்தல் வெயிலில் நின்றிருக்காது. புதிதாக வந்தவர்கள் முதல் சில மாதம் இங்கேயே வாங்குவது நல்லது.

நல்லெண்ணெய்க்கு வெள்ளவத்தை. காலி வீதியிலும் அதன் பக்கத்து ஒழுங்கைகளிலும் யாழ்ப்பாணத்துச் சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் செக்கெண்ணெய் எடுத்துத் தருவார்கள். கொட்டாஞ்சேனையிலும் கிடைக்கும். "எப்ப வந்தது அண்ணை?" என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் நாளைச் சொல்வார், மற்றவர் "நேற்றுத்தான்" என்பார். மூடியைத் திறந்து மணந்து பார்க்க விடுகிற கடையில் வாங்குங்கள். எள்ளு மணம் தெளிவாக வர வேண்டும். பழைய பெயின்ற் போல, பழைய கச்சான் போல மணந்தால் அது சிக்கு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கோயில் பக்கத்துக் கடைகளிலும் பூசைச் சாமான் கடைகளிலும் விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் நல்லெண்ணெய்ப் போத்தல் போலவே அடுக்கி இருக்கும். நிறமும் ஒன்று, போத்தலும் ஒன்று, விலை மட்டும் குறைவு. அது சமையலுக்கு இல்லை. "விளக்கு" அல்லது "பூசை" என்ற சொல் லேபலில் எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைத்தது என்று சந்தோசப்பட்டுக் கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள்.

புறக்கோட்டை மொத்தக் கடைகளில் பெரிய கான் வாங்கினால் மலிவுதான். நாலைந்து குடும்பம் சேர்ந்து வாங்குவதானால் போகலாம். ஞாயிற்றுக்கிழமையும் போயா தினமும் பெரும்பாலான கடைகள் பூட்டு. வார நாளில் காலை 10 மணிக்கு முன் போனால் நெரிசல் குறைவு. தனிக் குடும்பத்துக்கு 5 லீற்றர் கான் வேண்டாம், முடிவதற்குள் எண்ணெய் பழுதாகிவிடும்.

அளந்து ஊற்றித் தரும் உதிரி எண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். நான் வாங்குவதில்லை. லேபல் இல்லை, திகதி இல்லை, என்ன கலந்தது என்று கேட்க ஆள் இல்லை. எங்கள் பகுதிக் கடை ஒன்றில் தேங்காய் எண்ணெய் என்று ஊற்றித் தந்ததில் தேங்காய் மணமே இருக்கவில்லை. திருப்பிக் கொண்டு போனால், "வெள்ளை எண்ணெய் அப்படித்தான்" என்று பதில். சுத்திகரித்த தேங்காய் எண்ணெய்க்கு மணம் இருக்காது என்பது உண்மைதான். அதனால்தான் பாம் ஒலியினை அதில் கலந்தால் மூக்கால் பிடிக்க முடியாது.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பார்க்கும் வழி ஒன்று எல்லோரும் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் 24, 25 பாகையில் உறையும். ஒரு கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் ஊற்றி பிரிட்ஜில் வைத்தால் முழுவதும் வெள்ளையாக, ஒரே சீராக இறுக வேண்டும். மேலே திரவம் மிதந்தால் சோயாவோ சூரியகாந்தியோ கலந்திருக்கலாம். ஆனால் பாம் எண்ணெயும் குளிரில் இறுகும் என்பதால், இறுகிவிட்டது என்று மட்டும் வைத்துச் சுத்தம் என்று முடிவு கட்டாதீர்கள்.

ஊரில் இருந்து பஸ்சில் வரும் எண்ணெய்க்கும் ஒரு சொல். சொந்தக்காரர் ஆட்டியது என்றாலும் கொப்பரை எப்படி இருந்தது என்று கேளுங்கள். சரியாகக் காயாத கொப்பரையில் பூஞ்சணம் பிடித்தால் அஃப்லாரொக்சின் என்ற நஞ்சு உருவாகும். அது ஈரல் புற்றுநோயோடு தொடர்புடையது, சமையல் சூட்டில் அழியாது. 2021 மார்ச்சில் இறக்குமதித் தேங்காய் எண்ணெயில் இது கண்டுபிடிக்கப்பட்டு நாடே பரபரப்பானது நினைவிருக்கும். இறக்குமதிதான் கெட்டது, வீட்டுக் கொப்பரை சுத்தம் என்று நினைக்க வேண்டாம். மாரி காலத்தில் முற்றத்தில் காயப்போட்ட கொப்பரைக்கும் அதே ஆபத்து உண்டு. பச்சையாக, கறுப்பாகப் பூத்த துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை ஆட்டுவதும் சரி வராது, அந்தக் கொப்பரையையே ஒதுக்க வேண்டும்.

6. விலைக் கணக்கு

எங்களுடைய பழைய அளவில் ஒரு போத்தல் என்றால் 750 மில்லிலீற்றர். பக்கத்தில் நிற்கும் போத்தல் ஒரு லீற்றர். மூன்றாவது கிலோக் கணக்கில் இருக்கும். மூன்றின் விலையையும் அப்படியே ஒப்பிட்டால் ஏமாறுவீர்கள். விலையை மில்லிலீற்றரால் பிரித்து 1000 ஆல் பெருக்குங்கள். உதாரணத்துக்கு 750 மில்லிலீற்றர் 900 ரூபாய் என்றால் லீற்றர் 1200 ரூபாய். பக்கத்தில் ஒரு லீற்றர் 1150 என்று இருந்தால் அதுதான் மலிவு, பார்வைக்கு விலை கூடத் தெரிந்தாலும். எண்ணெய் தண்ணீரை விடப் பாரம் குறைவு, ஒரு லீற்றர் ஏறக்குறைய 920 கிராம்தான் நிறுக்கும். எனவே ஒரு கிலோப் பொதியில் ஒரு லீற்றரை விடக் கொஞ்சம் கூடுதலாக, 1090 மில்லிலீற்றர் அளவு இருக்கும்.

விலைக் கழிவு என்று இரண்டு போத்தலைச் சேர்த்துக் கட்டி வைத்திருந்தால் காலாவதித் திகதியை முதலில் பாருங்கள்.

7. வீட்டில் வைப்பது

கொழும்பு வெக்கைக்கு எண்ணெய் சீக்கிரம் கெடும். வெளிச்சம், சூடு, காற்று மூன்றும் எதிரிகள். அடுப்புக்குப் பக்கத்து யன்னல் விளிம்பில் போத்தலை அடுக்கி வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு, அதை விட்டுவிட்டு அலுமாரிக்குள் வையுங்கள். திறந்த போத்தலை ஒன்றரை மாதத்துக்குள் முடிக்கப் பாருங்கள். முடியாவிட்டால் அடுத்த தடவை சிறிய போத்தல் வாங்குங்கள். பழைய எண்ணெய் ஒட்டியிருக்கும் போத்தலுக்குள் புதியதை ஊற்றாதீர்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக்கூடாது.

8. பொரித்து மிஞ்சிய எண்ணெய்

தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு மிஞ்சிய எண்ணெயைத் தைப்பொங்கல் வரை வைத்திருக்கும் வீடுகள் உண்டு. வேண்டாம். ஆற விட்டு, துணியால் வடித்து, மூடிய கண்ணாடிப் போத்தலில் வைத்தால் ஒரு கிழமைக்குள் இன்னும் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை பாவிக்கலாம். மீன் பொரித்தது மீனுக்கே. நிறம் கறுத்து, தடித்து, சூடாக்கும்போது நுரைத்தால் அல்லது வழக்கத்தை விடச் சீக்கிரம் புகைந்தால் அது முடிந்த எண்ணெய். புதிய எண்ணெயை மேலே ஊற்றிச் சரிக்கட்டப் பார்த்தால் புதியதும் சேர்ந்து கெடும்.

பொரிக்கும்போது சிறிய, குழிவான தாச்சியை எடுங்கள். அகலத் தாச்சிக்கு அரை லீற்றர் பிடிக்கும் இடத்தில் இதற்கு 200 மில்லிலீற்றர் போதும், மிஞ்சுகிற பிரச்சினையே குறையும். கழிவெண்ணெயைத் தொட்டிக்குள் ஊற்றாதீர்கள். மாடிக் குடியிருப்பில் குழாய் அடைத்தால் கீழ்வீட்டுக்காரர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். பழைய போத்தலில் அடைத்து, இறுக மூடிக் குப்பையோடு போடுங்கள்.

9. ஏமாற்றப்பட்டால்

பற்றுச்சீட்டு இல்லாமல் எதுவும் நடக்காது. கேட்டால் கடைக்காரர் தரத்தான் வேண்டும், 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டத்தில் அது இருக்கிறது. சீட்டை எண்ணெய் முடியும்வரை எறியாதீர்கள். சீட்டில் அச்சடித்தது நாளடைவில் மங்கிவிடும் என்பதால் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

அச்சடித்த விலைக்கு மேலே விற்றால், திகதி மாற்றி ஒட்டியிருந்தால், உள்ளே வேறு எண்ணெய் என்று சந்தேகம் வந்தால், நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எழுத்தில் முறையிடுவதானால் வாங்கிய நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். அலுவலகம் கொழும்பு 2, வொக்ஸ்ஹோல் வீதியில். கடிதத்தோடு பற்றுச்சீட்டுப் பிரதி, லேபலின் இரு பக்கப் படம், கடையின் பெயர், வாங்கிய திகதி ஆகியவற்றை இணையுங்கள்.

எண்ணெய் கெட்டது, கலப்படம், சாப்பிட்டு வயிற்றுக் கோளாறு என்றால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். கொழும்பு நகருக்குள் இருப்பவர்களுக்கு மாநகர சபையின் பொதுச் சுகாதாரத் திணைக்களம். திறந்த போத்தலை நீங்களே ஆய்வுகூடத்துக்குக் கொண்டு அலைய வேண்டாம், வீட்டில் கலந்தீர்கள் என்று கடைக்காரர் சொன்னால் உங்களிடம் பதில் இருக்காது. பரிசோதகர் கடைக்கே போய் அங்கே மாதிரி எடுத்தால்தான் வழக்கு நிற்கும். மிச்சம் இருக்கும் எண்ணெயை மூடியபடியே வைத்திருங்கள், அவர் கேட்டால் காட்டலாம்.

தெஹிவளைப் பக்கம் வீடு என்றால் மாநகர சபை வேறு, கொழும்பு நகர மண்டபத்துக்குப் போய் நிற்காதீர்கள்.